லைட் போடாமல் வந்த வண்டி

ஆரணி,
ஞாயிறு மதியம்

அன்பு மகள் அமிர்தாவுக்கு அம்மா எழுதுவது. பகவான் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ஆதீஷும் என் தங்கம் நிலாவும் அந்த ஜெர்மனிக் குளிரில் சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று தினமும் கோயிலில் நின்று கேட்டுக்கொள்கிறேன். தினம் வீடியோவில் முகம் பார்க்கிற காலத்தில் இவள் எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். மாடிக்குப் போய்ப் பேசினால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிறது. இவ்வளவையும் மெசேஜில் தட்ட என் விரலுக்குப் பொறுமை இல்லை. அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் போட்டோ பிடித்து அனுப்புகிறேன். படித்ததும் அழித்துவிடு. ஜெர்மனியில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று சிரிக்காதே, அழித்துவிடு.

விஷயம் நம் காரைப் பற்றியது. கார் மேல் சின்னக் கீறல் என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, அது கீறல் இல்லை. பின்பக்கம் இடது மூலை முழுதும் உள்ளே போய்விட்டது, பின்விளக்கு உடைந்து கண்ணாடி கொட்டிவிட்டது, டிக்கி சரியாக மூடவில்லை. உன்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தாளே இனியா, தென்னரசு வாத்தியார் மகள், அவள் கல்யாண வரவேற்புக்குப் போன இடத்தில் நடந்தது. நம் ஜைன வீட்டில் இராச்சாப்பாடு கிடையாது என்பது வாத்தியாருக்குத் தெரியுமே, அதனால் பொழுது இருக்கும்போதே எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தனியாக இலை போட்டு, வெங்காயம் பூண்டு சேர்க்காமல் பரிமாற வைத்தார். வயிறாரச் சாப்பிட்டோம். சாப்பிட்ட பிறகு மேடைக்குப் போய்ப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டு வரலாம் என்றால், அங்கே போட்டோ எடுக்கிறவன் ஒவ்வொரு குடும்பத்தையும் நிற்க வைத்து, சிரிக்க வைத்து, திரும்ப நிற்க வைத்து நேரத்தை இழுத்துவிட்டான். உன் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜல்தி ஜல்தி என்று என் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை. இப்போதெல்லாம் அவர் நியமம் முன்னைவிடக் கெட்டியாகிவிட்டது உனக்குத் தெரியும், விளக்கு வைத்த பிறகு வாசற்படி தாண்டுவதில்லை. ஜெயசந்திர நயினார் மாதிரி விரதம் காக்கிற ஆள் இந்தப் பக்கத்தில் இல்லை என்று நம்மவர்கள் பேசிக்கொள்கிறார்கள். கேட்டால் எனக்கும் பெருமையாகத்தான் இருக்கிறது. உன்னையும் நிலாவையும் அழைத்துவர ஏர்போர்ட்டுக்கு நடு இரவில் தானே காரை ஓட்டிக்கொண்டு வருவேன் என்கிறாரே, அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் நியமத்தைத் தள்ளி வைப்பாராம். நிலா உட்கார என்று ஒரு குழந்தை சீட் வாங்கிப் பின்னால் மாட்டியும் விட்டார். வண்டியை சரி பண்ணாமல் எதில் வருவது என்பதுதான் இப்போது என் கவலை.

மேடையை விட்டு இறங்கி வரும்போதே பொழுது சாய்ந்து, மண்டபத்துக்காரர்கள் வாசலில் சீரியல் லைட்டெல்லாம் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் தாம்பூலப் பை வாங்க வாசலில் நின்றேன், அப்பா வண்டியை எடுத்துவரப் பக்கத்துக் காலியிடத்துக்குப் போனார். அங்கே கம்பத்து விளக்கு இன்னும் எரியவில்லை. படீர் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் நம் வண்டியின் முதுகில் ஒரு சாம்பல் நிறக் கார் மூக்கை வைத்துக்கொண்டு நிற்கிறது. யார் என்று பார்த்தால் நம் குப்புராஜ், சாயப்பட்டறை குப்புராஜ், நம் கடைச் சேலைக்கெல்லாம் நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுக்கிற அதே ஆள்தான். போன வருஷம்தான் பழைய காராகப் பார்த்து வாங்கியிருக்கிறான். அப்பா கீழே இறங்கி, லைட்டு கூடப் போடாம பின்னால வந்துகினு இருந்தா எனக்கு எப்படிய்யா தெரியும் என்று சத்தம் போடுகிறார். நான் பார்த்தேன் அமிர்தா, என் கண்ணால் பார்த்தேன், அவன் வண்டியில் விளக்கு எரியவில்லை. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. குப்புராஜ் அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, பரவால்ல நயினாரே, தப்பு என்னுதுதான், லைட்டு போட மறந்துட்டேன், நீங்க உங்க இன்சூரன்ஸ்ல பாத்துக்குங்க, நான் என்னுதைப் பாத்துக்கறேன் என்றான். எனக்கு அங்கேயே சுருக்கென்றது. இந்தக் காலத்தில் நாலு பேர் நடுவில் தப்பு என்னுது என்று எவனாவது தானாகச் சொல்வானா. சொன்னால் அதற்குப் பின்னால் என்னவோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

அவன் தப்பு என்றால் நாம் ஏன் நம் இன்சூரன்ஸில் கேட்க வேண்டும், நீயே சொல். வண்டி என் பேரில் நீ வாங்கிக் கொடுத்தது. இத்தனை வருஷம் ஒரு கிளெய்ம் போடாமல் வைத்திருந்ததற்கு வருஷா வருஷம் பிரீமியத்தில் தள்ளுபடி தருகிறார்கள், இப்போது போட்டால் அது போய்விடும். ஒர்க்ஷாப்புக்காரனைக் கேட்டால் அவன் சொல்கிறான், அடுத்தவன் கம்பெனிகிட்ட கேக்கறதுன்னா போலீஸ்ல எழுதிக் குடுக்கணும், அப்புறம் கோர்ட்டு, அது பெரிய பேஜாரும்மா, நம்ம பாலிசியிலயே போட்டுடலாம், இன்னொரு வண்டின்னே எழுத வாணாம், ரிவர்ஸ் எடுக்கும்போது கல்லுத் தூண்ல மோதிடுச்சின்னு ஒரு வரி எழுதிடுங்க, எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க என்கிறான். எல்லாரும் எழுதினால் நானும் எழுத வேண்டுமா. இல்லாத தூணை நான் எங்கே போய்க் கொண்டுவருவேன். பொய் எழுதிக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். எனக்கு என்னவோ இவனுக்கும் குப்புராஜுக்கும் பேச்சு இருக்கிறது என்று படுகிறது. இல்லாவிட்டால் அந்த இன்னொரு வண்டியை எதற்கு இவன் மறைக்க வேண்டும்.

இன்னொன்று கேள். குப்புராஜ் இதுவரை அவன் வண்டிக்கு எந்த கிளெய்மும் போடவில்லை. உடைந்த முன்விளக்கின் மேல் டேப்பை ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறான். இன்சூரன்ஸே கட்டாமல் விட்டிருப்பான், அதனால்தான் அன்றைக்கு அவ்வளவு அவசரமாகப் பேசி முடித்தான் என்று நினைத்தேன். ஒர்க்ஷாப்புக்காரன் கம்பெனிக்குப் போன் பண்ணிவிட்டதில், நம் வண்டியைப் பார்க்க வேலூரிலிருந்து இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். குனிந்து குனிந்து பார்த்தார், போட்டோ எடுத்தார், ரிவர்ஸ்ல வந்தது எந்த வண்டிம்மா என்று திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டார். கடைசியில், இடிச்ச தினுசைப் பாத்தா அந்த வண்டி நின்னுகினு இருந்த மாதிரி தெரியுது, நடந்ததை உள்ளபடி எழுதிக் குடுங்க என்று ஃபாரத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். நின்றிருந்ததாம். லைட்டைப் போடாமல் இருட்டில் வந்து மோதினவன் வண்டி நின்றிருந்ததாம். இவரையும் காசு கொடுத்துச் சரிக்கட்டிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். இத்தனைக்கும் உன் அப்பா வாயைத் திறப்பதில்லை. கொள்முதல் விஷயத்தில் ஒரு இழை நிறம் மாறினால் சண்டைக்கு நிற்கிற மனுஷர், இதில் மட்டும் வுடு ரத்னா, வுடு, அவன் ஒண்ணும் அந்நியன் இல்ல என்கிறார். குப்புராஜிடம் நீதான் இடித்தாய் என்று எழுதி வாங்கி வாருங்கள் என்றேன், எழுந்து உள்ளே போய்விட்டார். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது, அது மட்டும் நிச்சயம்.

சரி, நாமே பார்ப்போம் என்று மண்டபத்துக்குப் போய் மேனேஜரிடம் அன்றைய கேமரா படத்தைக் காட்டுங்கள் என்றேன். கேமரா ரிப்பேர்ல கீதும்மா என்றான், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். திரும்பி வரும்போது அங்கே பெருக்குகிற பாஞ்சாலை கேட்டு வரைக்கும் என்னோடு நடந்து வந்தாள், அவள் தங்கைக்கு நம் கடையில்தான் முகூர்த்தப் புடவை எடுத்தார்கள். கேமரால்லாம் நல்லா ஓடிகினுதாம்மா இருக்குது, குப்புராஜு அண்ணன்தான் வந்து, ஒருத்தருக்கும் காட்டாதீங்கன்னு சொல்லிட்டுப் போச்சு, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க என்றாள். பார்த்தாயா. நான் நினைத்தது சரியாகப் போயிற்று. மறைக்கிறவன் கையில்தான் தப்பு இருக்கும். வாத்தியாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், நாளைக்கு அவர் கூட வந்து காட்டச் சொல்வார், அவர் பேச்சை மேனேஜர் தட்ட முடியாது. பார்த்த பிறகு போலீஸில் கொடுப்பதா, எப்படி எழுதுவது என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். உன் சித்தி படவேடு கோயிலுக்குப் போனாளாம், பஸ் கிடைக்காமல் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாளாம். மாடிக் குழாய் ஒழுகுகிறது. மீதியை நாளைக்குப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

செவ்வாய்

அமிர்தா, மேலே எழுதினதை அனுப்பாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று. கிழித்துப் போடலாம் என்று கையில் எடுத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். குப்புராஜை நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்பது உனக்கும் தெரியட்டும். நேற்று வாத்தியார் வந்தார், மேனேஜர் முனகிக்கொண்டே ஆபீஸ் ரூமில் படத்தைப் போட்டான். நல்ல வேளையாக வாத்தியாருக்குப் போன் வந்து வெளியே போய்விட்டார், நான்தான் பார்த்தேன். முதலில் உன் அப்பா வருகிறார். ஒரு கையை முன்னால் நீட்டிக்கொண்டு வருகிறார். நிற்கிற கார்களை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வருகிறார், முகத்தைத் தடவிப் பார்க்கிற மாதிரி. ஒரு மோட்டார் பைக்கில் முழங்காலை இடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார். யாருடையதோ வெள்ளைக் கார் கதவைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார், திறக்கவில்லை. சாவியில் இருக்கிற பட்டனை அழுத்துகிறார், நாலு வண்டி தள்ளி நம் கார் பளிச் பளிச் என்கிறது, அந்தப் பளிச்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்கிறார். நான் வேறு யாரோ வயசான ஆள் என்றுதான் முதலில் நினைத்தேன். சட்டையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அதற்குள் குப்புராஜ் வண்டி உள்ளே வருகிறது. விளக்கு நன்றாக எரிகிறது அமிர்தா, இரண்டு விளக்கும் எரிகிறது. அப்பா வண்டியை எடுப்பதைப் பார்த்து அவன் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டான். ஜன்னல் வழியாகக் கையை வெளியே நீட்டி ஆட்டுகிறான். நம் வண்டி நேராகப் பின்னால் வந்து, நின்ற வண்டியில் மோதுகிறது. சர்வேயர் சொன்னது சத்தியம். அவரைப் போய் நான் என்ன நினைத்தேன். அப்பா இறங்கிக் கையை ஆட்டிப் பேசுகிறார், லைட் போடவில்லை என்று கத்தினாரே அதுதான். குப்புராஜ் எரிகிற தன் விளக்கை ஒரு தடவை பார்க்கிறான், அப்பா முகத்தைப் பார்க்கிறான். பிறகு என்ன செய்தான் தெரியுமா, கதவுக்குள் கையை விட்டு விளக்கை அணைத்தான். அதற்குப் பிறகுதான் ஆட்கள் ஓடி வருகிறார்கள், அவர்களோடு நானும் ஓடி வருகிறேன், பையைத் தூக்கிக்கொண்டு. விளக்கு எரியவில்லை, என் கண்ணால் பார்த்தேன் என்று ஊரெல்லாம் சொன்னேனே, நான் பார்த்தது அதைத்தான். மேனேஜரிடம் இதை இன்னொருவருக்குக் காட்டாதே என்றேன். குப்புராஜு அண்ணனும் இதையேதாம்மா சொல்லிச்சு என்றான்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வருகிறது. சாயங்காலப் பேப்பரை நிறுத்திவிட்டார், டி.வி.யில் கேட்டால் போதும் என்றார். சவரம் வாசலில் வெயில் ஏறின பிறகுதான். போனில் எது வந்தாலும் நீ படி, எனக்கு எழுத்து பொடிசா இருக்குது என்பார். விளக்கு வைத்த பிறகு படியில் நான் முன்னால் இறங்கினால்தான் இறங்குவார். அன்றைக்கு மண்டபத்தில் சாப்பாடுதான் பகலிலேயே ஆகிவிட்டதே, பிறகு எதற்கு அவ்வளவு அவசரம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மற்ற வீட்டில் ஒரு மனுஷன் பொழுது சாய்ந்ததும் வீட்டுக்குள் முடங்கினால் என்ன ஏது என்று கேட்டிருப்பார்கள். நம் வீட்டில் அதை விரதம் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தேன். பால்காரன் தண்ணீர் கலக்கிறான், கேஸ்காரன் எடை குறைக்கிறான் என்று உலகத்தையே சந்தேகப்படுகிற நான் பக்கத்தில் இருக்கிற மனுஷரைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். அவர் மேல் கோபம் வந்தது, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று. பிறகு பயம் வந்தது. பயம்தான் இன்னும் இருக்கிறது.

நேற்று மத்தியானம் அவர் தூங்கின நேரம் பார்த்துக் குப்புராஜ் பட்டறைக்குப் போனேன். கைகள் இரண்டும் முழங்கை வரை நீலமாக எழுந்து நின்றான். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், படம் பார்த்தேன் என்று மட்டும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான், அவன்தான் குற்றம் செய்த மாதிரி. ரெண்டு வருசமா நயினாரு சாயங்காலத்துல பட்டறைக்கு வரதில்லம்மா, உச்சி வெய்யில்லதான் வருவாரு, நூலை வெளிய எடுத்தாந்து மூக்குகிட்ட வச்சிப் பாப்பாரு, எனக்கு அப்பவே தெரியும் என்றான். ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றேன். எப்படிம்மா சொல்றது, அரக்குக்கும் மெரூனுக்கும் வித்தியாசம் சொல்ற கண்ணுன்னு பேரு எடுத்தவரு, கண்ணு தெரியலன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சின்னா நாளைக்கே அவர் தலையில எந்த கலரை வேணாலும் கட்டிடுவானுங்க, அன்னைக்கு அத்தினி ஜனம் நடுவுல அவர் வாயாலயே லைட்டு எரியலன்னு சொல்லிட்டாரு, அதை நான் பொய்யாக்கணுமா என்றான். அவன் கிளெய்ம் போடாத காரணமும் இதுதான். போட்டால் நடந்ததை எழுத வேண்டும் அல்லவா. இன்சூரன்ஸ் கட்டாதவன் என்று நினைத்தேனே, பாலிசி பத்திரமாக வண்டிக்குள் இருக்கிறது. அவன் டீ வாங்கிவரச் சொன்னான். மன்னித்துக்கொள் என்று வாய் விட்டுச் சொன்னேன். அய்யோ இன்னாம்மா நீங்க என்று நீலக் கையைக் கூப்பினான்.

இருந்தும் என் புத்தி இருக்கிறதே, அது நேற்றுச் சாயங்காலமும் சும்மா இருக்கவில்லை. அவனும் தப்பாக நினைத்திருக்கலாம், அன்றைக்கு ஏதோ தலைசுற்றலாக இருந்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. டியூப்லைட் போட்ட பிறகு இன்சூரன்ஸ் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு போய், சரியா இருக்குதான்னு பாருங்க என்று அவர் கையில் தலைகீழாகக் கொடுத்தேன். வாங்கினார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். வரி வரியாகப் படிக்கிறவர் மாதிரி முகத்தை மேலிருந்து கீழே நகர்த்தினார். சரியாத்தான் இருக்குது என்று திருப்பிக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். யாருக்கும் செய்யக்கூடாததை அவருக்குச் செய்துவிட்டேன் அமிர்தா, அதுவும் என் வீட்டுக்குள்ளேயே.

இன்று காலை வெயில் வந்ததும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, நான் எழுதினதை வாய்விட்டுப் படித்தேன். எங்கள் வண்டி பின்னால் எடுக்கும்போது, நின்றுகொண்டிருந்த வண்டியின் மேல் மோதியது, அந்த வண்டியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அதன் ஓட்டுநர் மேல் தவறு இல்லை. ஓட்டியவர் என் கணவர். சண்டை போடுவார், கிழித்துப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர், அப்ப லைட்டு எரிஞ்சுதா ரத்னா என்று கேட்டார். சின்னக் குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மண்டபத்துச் சீரியல் லைட்டு, கம்பம், கார் எல்லாம் அவருக்கு ஒரே மங்கலாக இருந்திருக்கிறது. எரியவில்லை என்று நிஜமாகவே நம்பியிருக்கிறார். எரிஞ்சுது என்றேன். எங்க போடணும் என்றார். வண்டி ஓட்டினவர் போட வேண்டிய கோட்டின் மேல் என் விரலை வைத்துக் காட்டினேன், விரலை ஒட்டிக் கையெழுத்துப் போட்டார். கண்ணைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தள்ளுபடி போனால் போகட்டும், கம்பெனி எவ்வளவு தருகிறதோ தரட்டும், எழுதினது நிஜம். அதில் ஒரு நகல் எடுத்துக் குப்புராஜுக்கும் கொடுத்தனுப்பினேன், அவன் வண்டிக்கு அவன் கேட்டுக்கொள்ள வேண்டும், இனி டேப்பு ஒட்டிக்கொண்டு சுற்ற வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்து நேராகக் காருக்குப் போனார். நிலாவின் சீட்டை ஈரத்துணியால் துடைத்தார். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அந்தச் சீட் இருப்பது பின்னால் இடது பக்கம். உள்ளே அமுங்கின மூலை அதுதான். துடைத்துக்கொண்டே, பாப்பா வரதுக்குள்ள ஒர்க்ஷாப்ல குடுத்துடணும், ஏர்போர்ட்டுக்கு நான்தான் போவேன் என்கிறார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. நான் வேண்டாம் என்றால் பிடிவாதம் ஏறும். சாவியை ஒளித்து வைத்தால் கடைப் பையன்களிடம் கேட்டு ஊருக்கே தெரிந்துவிடும். கல்யாணமானதிலிருந்து என் பேச்சை அவர் கேட்ட கதை உனக்குத் தெரியும். நீ சொன்னால் மட்டும்தான் கேட்பார். அதனால் நீதான் செய்ய வேண்டும். கண் என்ற வார்த்தையை எடுக்காதே. அம்மாவுக்கும் உங்களுக்கும் சேர்த்து வேலூரில் முழு உடம்புப் பரிசோதனைக்குப் பணம் கட்டிவிட்டேன், போகாவிட்டால் வீணாகிவிடும் என்று சொல், வீணாகிறது என்றால் அவருக்குப் பொறுக்காது, கிளம்பிவிடுவார். அங்கே போன பிறகு கண் டாக்டர் ரூமுக்குள் அழைத்துப்போவது என் பொறுப்பு. புரையாக இருந்தால் சின்ன ஆபரேஷன்தான் என்கிறார்கள். வேறு ஏதாவதாக இருந்தால் என்று நினைக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் கையை ஒருவர் விடாமல் நல்லபடி இருக்க வேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு கேட்க ஒன்றும் இல்லை. நிலாவுக்கு என் முத்தம், மாப்பிள்ளைக்கு என் ஆசிகள். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இதைப் படித்ததும் அழித்துவிடு, மறுபடியும் சொல்கிறேன். கடைசியாக ஒன்று, டிக்கெட் போடப் போவதாகச் சொன்னாயே, அந்த நடு இரவில் இறங்குகிற விமானம் வேண்டாம். எத்தனை ஊர் சுற்றி வந்தாலும் சரி, காலையில் இறங்குகிற மாதிரி பார். உன் அப்பாவையும் ஏர்போர்ட்டுக்கு அழைத்து வருகிறேன், வண்டியைக் குப்புராஜ் ஓட்டுவான், அவனிடம் கேட்டுவிட்டேன். நீங்கள் வெளியே வரும்போது நல்ல வெயிலாக இருக்கட்டும். உங்கள் முகத்தை அவர் ஒரு தடவை நன்றாகப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
ஜெ. ரத்னாவதி